மெய்யும் உயிரும்: மு. தளையசிங்கத்தின் மனித நோக்கு

தமிழ் இலக்கணம் வகுத்த ஆன்றோர் எழுத்துகளுக்குப் பெயரிட்டபொழுது மனித வாழ்வையே உவமையாகக் கொண்டனர். தானே ஒலிக்க வல்ல பன்னிரண்டையும் உயிர் என்றனர். பிறிதொன்றின் துணையின்றி இயங்கமாட்டாத பதினெட்டையும் மெய் என்றனர். இவ்விரண்டும் கூடிப் பிறக்கும் 216 எழுத்துகளையும் உயிர்மெய் என்றனர். ஏதேனும் ஒரு நூலின் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணிப் பார்ப்பவர்க்குத் தனியுயிர் சொல்லின் முதலில் மட்டுமே அருகி வருவதும், மொழியின் பெரும்பகுதி உயிர்மெய்யாகவே நடைபெறுவதும் புலனாகும். அன்றியும், மெய் என்னும் சொல் உடம்பையும் சுட்டும், உண்மையையும் சுட்டும். உடம்பைப் பொய்யென்றும் புழுக்கூடென்றும் பழிக்கும் பாடல்கள் மலிந்த ஒரு மொழியில் அவ்வுடம்புக்கே மெய் என்ற பெயரும் வழங்கிவருவது சிந்தித்தற்குரியது.

இவ்விரு வழக்குகளுக்கும் இடையேயுள்ள முரண்பாடு தமிழரின் சமய வரலாற்றிலும் உண்டு. பட்டினத்தார் முதலியோர் உடம்பின் நிலையாமையை வற்புறுத்தினர். திருமூலரோ, முன்னர் உடம்பை இழிவெனக் கருதியிருந்து, பின்னர் அதனுள்ளே உத்தமன் கோயில் கொண்டமை கண்டு அதனைப் பேணலானதாகக் கூறுகின்றார். ஒரே மரபிற்குள் இரு குரல்கள். நமது இந்துக் கல்லூரிகளின் வகுப்பறைகளிலே இவ்விரண்டும் தேர்வுக்குரிய பகுதிகளாகப் படிக்கப்படுகின்றனவேயன்றி, இவற்றுள் எதன்படி வாழ்வது என்ற வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவை எழுப்பியதோடமையாது, அதற்குத் தம் வாழ்வையே விடையாகக் கொடுக்க முற்பட்ட ஓர் எழுத்தாளர் ஈழத்திலே இருந்தார். அவரே மு. தளையசிங்கம்.

அவர் 1935ஆம் ஆண்டில் புங்குடுதீவிற் பிறந்தவர். பேராதனையிலே பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர். ஆசிரியத் தொழில் பூண்டவர். 1965இல் ‘புதுயுகம் பிறக்கிறது’ என்னும் சிறுகதைத் தொகுதியும், 1970இல் ‘போர்ப்பறை’யும் வெளிவந்தன. 1956 முதல் 1963 வரையான ஈழத்து எழுத்துகளை ஆராயும் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் நெடுங்கட்டுரை அவரது திறனாய்வு முயற்சிகளுள் முதன்மையானது. 1966இல் நந்தகோபாலகிரி என்னும் துறவியைக் குருவாக ஏற்ற பின்னர் அவரது எழுத்தும் வாழ்வும் வேறொரு திசையிற் சென்றன. 1973 ஏப்ரலில், நாற்பது வயதை எட்டுமுன்னரே, அவர் காலமானார்.

தளையசிங்கத்தின் மனித நோக்கை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் அவர் மறுத்த இரண்டு நோக்குகளை அறிதல் வேண்டும். ஒன்று, மனிதன் சடப்பொருளின் ஒரு வடிவமே. அவனது உள்ளமும் கலையும் சமயமும் பொருளாதார அடித்தளத்தின்மேல் எழுந்த மாடங்களே என்பது. மற்றது, உடம்பும் உலகும் மாயை. ஆன்மா ஒன்றே மெய். ஆகவே உலகியலைத் துறந்து ஒதுங்குவதே வீடு என்பது. முதலாவது நோக்கு அவர் காலத்து ஈழத்திலே முற்போக்கு எழுத்தாளர் வட்டத்திற் செல்வாக்குற்றிருந்தது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் அதன் அறிவார்ந்த தலைவர்கள். இரண்டாவது நோக்கு கோயில் வீதிகளிலும் பிரசங்க மேடைகளிலும் வேரூன்றியிருந்தது. முன்னதோடு அவர் நிகழ்த்திய வாதமே பலராலும் பேசப்பட்டது. பின்னதோடு அவர் கொண்ட பிணக்கு அதனினும் ஆழமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்விரு மறுப்புகளும் ஸ்ரீ அரவிந்தரிடமிருந்து வந்தவை. 1914 முதல் ‘ஆர்யா’ இதழிலே தொடராக வெளிவந்த தமது பெருநூலின் தொடக்கத்திலேயே, ஆன்மாவை மறுக்கும் சடவாதியையும் சடத்தை மறுக்கும் துறவியையும் ஒருங்கே நிறுத்தி, இருவரும் பாதி உண்மையையே பற்றினர் என்று அரவிந்தர் வாதித்தார். சடத்தினின்று உயிரும், உயிரினின்று மனமும் மலர்ந்தவாறே, மனத்தினின்று அதனிற் பெரிய ஒன்று மலரவிருக்கிறது என்பது அவர் துணிபு. தளையசிங்கம் இதனைத் தழுவிக்கொண்டு, மனத்திற்கு அப்பாலுள்ள அப்படிநிலையைப் பேர்மனம் முதலிய பெயர்களால் வழங்கினார். அவரது கருத்தின்படி, மனித இனம் இதுவரை மனத்தின் ஆட்சியிலே வாழ்ந்தது. அரசியலும் விஞ்ஞானமும் கலையும் பிரிந்து பிரிந்து நிற்பதற்கு மனத்தின் பிரிக்கும் இயல்பே காரணம். அடுத்த படிநிலையிலே அவை தம்முட் கலக்கும். எழுத்தாளனும் உழவனும் ஞானியும் வெவ்வேறு மனிதர்களாக இருக்கமாட்டார்கள்.

தமிழ் மாணவனுக்கு இது புதுமையாகத் தோன்றினும் முற்றிலும் அயலானதன்று. தொல்காப்பிய மரபியல், புல்லும் மரமும் ஓரறிவின என்று தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, மனத்தோடு கூடிய ஆறறிவுடையோர் மக்கள் என்று முடிக்கும். அங்கே ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியின் அறிவு அழிக்கப்படாமல் உடன் வருதலைக் காண்க. ஆறறிவுடையானுக்கும் தொடுவுணர்வு உண்டு. அது புல்லினின்று அவன் பெற்ற செல்வம். தளையசிங்கத்தின் கொள்கையில் இதுவே உயிர்நிலை. மேற்படிக்கு ஏறுதல் என்பது கீழ்ப்படியைத் துறத்தலன்று. மனத்தைக் கடந்தவனுக்கும் வயிறு உண்டு.

தைத்திரீய உபநிடதத்திலே வருணனின் மகன் பிருகு பிரமத்தை அறிய வேண்டித் தவம் புரிகின்றான். அன்னமே பிரமம் என்று முதலிற் காண்கின்றான். பின்னர்ப் பிராணன் என்றும், மனம் என்றும், விஞ்ஞானம் என்றும், இறுதியில் ஆனந்தம் என்றும் காண்கின்றான். இவ்வளவும் பலரும் அறிந்ததே. ஐந்து கோசங்களென மாணவர் மனனஞ் செய்வதும் இதுவே. எனினும், ஆனந்தத்தை அடைந்த பின்னரும் அவ்வுபநிடதம் முடிந்துவிடவில்லை. அது மீண்டும் அன்னத்திற்கே இறங்கிவருகின்றது. அன்னத்தைப் பழித்தலாகாது, ஒதுக்கித் தள்ளலாகாது, பெருக்குதல் வேண்டும் என்று விரதங்களை விதிக்கின்றது. நீரும் அன்னமே என்கின்றது. தங்க இடங்கேட்டு வந்தவன் எவனையும் மறுத்துப் போக்கலாகாது என்றும் கூறுகின்றது. உச்சிப்படியைக் கண்டவன் சோற்றுக்கும் நீருக்கும் திரும்பி வருதல் ஏன் என்ற வினாவுக்குப் பிரசங்கிகள் விடை கூறக் கேட்பது அரிது.

சைவசித்தாந்தமும் உடம்பைப் பகையாகக் கொள்ளவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு இறைவன் கருணையால் தந்தவை என்பது சித்தாந்தம். விடியும்வரை இருளைப் போக்கும் விளக்குப் போன்றது மாயை என உமாபதி சிவாசாரியார் உவமிப்பர். ஆயின் விளக்கு, விடிந்த பின் வேண்டப்படாத பொருள். இவ்விடத்திலேதான் தளையசிங்கம் மரபினின்று விலகுகின்றார். அவருக்கு உடம்பு விடியும்வரை எரியும் விளக்கன்று. விடியல் நிகழவேண்டிய நிலமே அதுதான். உயிர் தனியாகச் சென்று சேரும் வீட்டைவிட, இம்மண்ணிலே மாந்தர் யாவரும் கூடிப் பெறும் சர்வோதய வாழ்வே அவர் நாடியது. சித்தாந்தம் கற்றோர் இதனை ஏற்றுக்கொள்ள மாட்டார். அவர்களது தடையும் வலிமையுடையதே. மலம் நீங்காத உயிர்கள் கூடி அமைக்கும் சமுதாயம் எங்ஙனம் மலமற்றதாகும் என்ற வினாவுக்குத் தளையசிங்கத்தின் நூல்களிலே நிறைவான விடை இல்லை.

வேறொரு திசையினின்றும் ஒரு தடை எழும். அது சமயவாதியினுடையதன்று, மற்றொரு கதையாசிரியனுடையது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ சென்னையிலே ஜவுளிக்கடையொன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையையும் அவரது நோயாளி மனைவியையும் பற்றியது. அவள் இறந்த பின் அவ்வுடலைத் தாமே கழுவி உடுத்திக் கிடத்துகின்றார் கணவர். உயிர் பிரிந்து எங்கே சென்றது என்ற பேச்சே அக்கதையில் இல்லை. வானினின்று ஒளியும் இறங்கவில்லை. ‘மகாமசான’த்திலோ பட்டணத்து வீதியோரத்தில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்க, நகரம் தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கின்றது. உடம்பு நோகும், நாறும், நிற்கும்; அதனருகே ஒரு கை ஆதரவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1948இல் மறைந்த அப்பெருங்கலைஞர் இதற்கு மேல் எதனையும் உறுதி கூற மறுத்தார். புதுயுகம் பிறக்கின்றது என்று பறைசாற்றும் ஒருவரை அக்கதைகளின் அருகே வைத்துப் படிக்கும்பொழுது, பறையொலி சற்றே மிகுதியோ என்னும் ஐயம் தோன்றாமற் போகாது.

ஐயம் நியாயமானதே. ஆயினும் செல்லம்மாளின் உடலைக் கழுவிய அக்கை எதனாற் செயற்பட்டது? பயன் கருதியன்று, பிணத்தினால் யாதொரு பயனுமில்லை. கடமையென்னும் ஒரு சொல்லால் அதனை அளந்துவிடவும் இயலாது. உடம்பைத் தீண்டும் ஒரு செயலிலே உடம்பின் கணக்குக்கு அடங்காத ஒன்று வெளிப்படுகின்றது என்பதைப் புதுமைப்பித்தன் சொல்லாமற் காட்டினார். தளையசிங்கம் அதற்கொரு பெயரிட முயன்றார். பெயரிடும் முயற்சி கதைக்கு ஊறு செய்யும் என்பது உண்மை. பெயரிடாமலே இருந்தால் அது தத்துவமாகாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருவரே செய்ய முற்பட்டதனால் நேர்ந்த இடர்ப்பாடுகளே தளையசிங்கத்தின் பிற்கால எழுத்தின் குறைகள்.

இனி, அவரது கொள்கை தத்துவப் பேச்சாக நில்லாது மண்ணில் இறங்கிய இடத்திற்கு வருதல் வேண்டும். அவ்விடம் ஒரு கிணறு.

இரத்மலானையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திருகி நீர் பெறும் மாணவனுக்குக் கிணறு ஒரு பெரிய செய்தியாகத் தோன்றாது. யாழ்ப்பாணத்துத் தீவுகளின் நிலை வேறு. சுற்றிலும் கடல், நிலத்தடி நீரிலே உவர் மிகுதி, நன்னீர் ஊறும் கிணறுகள் சிலவே. அச்சிலவும் சாதியால் உயர்ந்தோர் எனப்பட்டவர்களின் காணிகளிலோ கோயில்களின் சூழலிலோ இருந்தன. தாழ்த்தப்பட்ட மக்கள் கிணற்றுக் கட்டில் ஏறலாகாது, வாளியைத் தொடலாகாது. குடத்துடன் அயலிலே காத்து நின்று, யாரேனும் மனமிரங்கி வார்த்தால் ஏற்றுச் செல்லவேண்டும். சட்டம் இதனை அனுமதிக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய விலக்கைக் குற்றமாக்கியிருந்தது. சட்டப் புத்தகம் கொழும்பிலே இருந்தது. வாளி ஊரிலே இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்திற்காக நிகழ்ந்த போராட்டமும் எதிர்ப்பும் அக்காலத்துச் சைவ உலகின் மனநிலைக்குச் சான்றாகும்.

1971ஆம் ஆண்டிலே, புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் சூழலிலுள்ள நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் அறப்போரில் இறங்கினார். கைது செய்யப்பட்டார். பொலிஸாரின் தாக்குதலுக்கு உள்ளானாரென்றும், அதன் பின்னர் அவரது உடல்நலம் தேறவேயில்லையென்றும் அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர்.

இந்நிகழ்ச்சியை வெறும் சமூகத் தொண்டாகக் கொள்வோர் அவரது கொள்கையின் நடுவை விட்டுவிடுகின்றனர். அவர் உடம்பையும் ஆன்மாவையும் பற்றி எழுதிய யாவும் அக்கிணற்றடியிலே ஒருங்கு கூடின. தாகம் உடம்பினுடையது. அதனைத் தீர்க்கும் நீர் சடப்பொருள். ஆயினும் நீரை மறுக்கும் கையைச் செலுத்துவது உடம்பின் தேவையன்று. ஒருவன் நீரள்ளுவதால் மற்றவனுக்கு நீர் குறைந்துவிடும் என்று அஞ்சி இவ்விலக்கு ஏற்பட்டதாகச் சொல்வதற்கில்லை. அதனைச் செலுத்துவது மனம். நான் வேறு, அவன் வேறு என்று பிரிக்கும் மனம். ஆகவே பொருளாதாரத்தை மாற்றினால் மட்டும் அது தீர்ந்துவிடாது என்று மார்க்சீயரை நோக்கி அவர் வாதிடக்கூடியதாயிற்று. அதே வேளையில், எல்லா உயிர்களிலும் ஒருவனே உறைகின்றான் என்று கோயிலினுள்ளே ஓதிவிட்டு வெளியே வந்து வாளியை மறைத்துவைக்கும் சைவனை நோக்கியும் அவர் பேசவேண்டியிருந்தது. அவனுக்கு அவர் கூறத்தக்கது எளிது: ஆன்மா ஒன்றென நீ அறிந்திருந்தால், உன் கை அதனை ஏன் அறியவில்லை?

இந்திய நாட்டு அறப்போர்களிலும் நீரும் வீதியும் கோயிலுமே களங்களாயிருந்தன. 1924-25இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. 1927இல் மகத் என்னும் ஊரின் பொதுக்குளத்திலே டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் பருகினார். கதையுலகிலும் இது வந்தது. ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1932இல் எழுதிய ஒரு சிறுகதையிலே, நோயுற்ற கணவனுக்கு நல்ல நீர் வேண்டி, இரவிலே மேற்சாதியாரின் கிணற்றுக்குச் செல்லும் ஒரு பெண், கதவு திறக்கும் ஓசை கேட்டுக் கயிற்றை விட்டு ஓடுகின்றாள். வீட்டிலே கணவன் அழுக்கு நீரையே குடித்துக்கொண்டிருக்கின்றான். ஈழத்திலே கே. டானியல் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். டானியல் மார்க்சீயர், தளையசிங்கம் அக்கொள்கையைக் கடக்க வேண்டுமென்றவர். கொள்கையிலே எதிரெதிராக நின்ற இருவரும் வந்து சேர்ந்தது ஒரே துலாவடிக்கு. இதனை அக்காலத்து விமரிசகர் எவரேனும் இருவரின் நண்பராகவும் இருந்து எடுத்துரைத்திருப்பின், ஈழத்து இலக்கிய உலகின் பல வீண் வாதங்கள் குறைந்திருக்கும்.

கிணற்றடியில் உறுதியாக நின்ற கொள்கை எழுத்திலே அத்துணை உறுதி பெற்றதா என்பது வேறு வினா. ‘மெய்யுள்’ அவரது மறைவுக்குப் பின், 1974இல் வெளிவந்தது. அப்பெயர் நூலின் பெயர் மட்டுமன்று. ஓர் இலக்கிய வடிவத்திற்கும் அவர் இட்ட பெயர். செய்யுள் என்பதுபோல மெய்யுள். கதை, கவிதை, கட்டுரை என்னும் பிரிவுகள் மனத்தின் ஆட்சிக் காலத்துக்கு உரியவை. கற்பனையை ஓர் உலகாகவும் வாழ்வை மற்றோர் உலகாகவும் பிரித்துவைப்பவை. இனிவரும் காலத்தின் வடிவம் இவை யாவும் கலந்ததாய், உள்ளதை உள்ளபடி உணர்த்துவதாய் இருக்கும் என்பது அவர் கருத்து. உடம்பென்றும் உண்மையென்றும் பொருள்படும் மெய்யோடு உள் என்னும் சொல்லும் சேர்ந்தொலிக்குமாறு அப்பெயர் அமைந்தமை, எழுத்துக்கு உயிர் மெய் எனப் பெயரிட்ட பழையோரை நினைவூட்டுகின்றது.

பெயர் அழகியது. ஆயினும் அவரது பிற்கால எழுத்துகளிலே கொள்கையின் குரல் ஓங்க ஓங்க, மனிதரின் குரல் தாழ்ந்துபோகின்றது. முற்காலக் கதைகளிலே வேட்கையும் சினமும் வெட்கமும் உடைய மனிதர் நடமாடினர். பின்னர் வருவோர் பலர் கருத்துகளைச் சுமந்து வருவோரே. உடம்பின்றி ஆன்மா இல்லை என்று வாதிட்டவரின் எழுத்திலே உடம்பு மெலிந்து போனமை ஒரு முரண். கதைக்கு மெய்யாவது அதன் மாந்தரும் ஊரும் பேச்சும். அவை மெலிந்தால் உயிரும் மெலியும். புதுயுகத்தின் வருகை மிக அண்மையிலே உள்ளதென அவர் கொண்ட நம்பிக்கையும், பின்வந்த ஆண்டுகளில் இந்நாடு கண்ட இரத்தத்தின் முன்னே, படிப்பவர் நெஞ்சை வருத்துவதாகவே உள்ளது.

இக்குறைகளைச் சொன்ன அளவில் அவரை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. தமிழகத்திலே சுந்தர ராமசாமி அவரது சிந்தனையை மதித்து ஆராய்ந்து எழுதினார்; ஜெயமோகன் முதலிய பிற்காலத்தவரும் அவரை ஈழத்தின் முதன்மையான சிந்தனையாளருள் ஒருவராகக் கொண்டனர். ஈழத்திலே அவரது இளவல், கவிஞர் மு. பொன்னம்பலம், அக்கருத்துகளைத் தொடர்ந்து விளக்கி வந்தார். அவரது ‘ஒரு தனி வீடு’ என்னும் நாவல் 1984இலும், ‘கல்கி புராணம்’ 1999இலும் நூலுருப் பெற்றன. தொகுக்கப்பட்ட படைப்புகளும் பின்னர் அச்சேறின. இவ்வளவிருந்தும் நமது பாடசாலைப் பாடத்திட்டங்களிலே அவருக்குரிய இடம் மிகச் சிறிது.

அவரை முதன்முறையாகப் படிக்கும் மாணவர் ‘மெய்யு’ளில் தொடங்குவதைவிட, ‘புதுயுகம் பிறக்கிறது’ கதைகளை முதலிற் படித்து, பின்னர் ‘போர்ப்பறை’க்குச் செல்வது நன்று. தைத்திரீயத்தின் பிருகு வல்லியையும் உடன் வைத்துக்கொண்டால், அன்னத்தைப் பற்றிய அவ்விறுதிப் பகுதிகளிலே அவரது பல வாதங்களின் வேர் தெரியும். விடுமுறையிலே தீவுப் பகுதிக்குச் செல்வோர் ஊர்க் கிணறுகளைப் பற்றி அங்குள்ள முதியோரிடம் கேட்டறிவதும் அப்படிப்பின் ஒரு பகுதியேயாகும். யார் எங்கே குடத்துடன் நின்றனர் என்பதை நேரிற் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர்.